பழுது சுவரில், பழி பெட்டிக்கு

“ஏனுங்ணா, தானா ஆஃப் ஆயிருதுங்க.”

கேரளத்தின் பாலக்காட்டு எல்லையோரம், கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, கோபாலபுரம் வட்டாரத்தில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடையில் அரைநாள் உட்கார்ந்தால் இந்தப் பேச்சு காதில் விழாமல் போகாது. இடுக்கி மலைமேல், மூணாறிலும் வண்டிப்பெரியாரிலும் குமுளியிலும் அதுவே “அண்ணே, பொசுக்குனு நின்னுபோகுதுண்ணே” என்று வரும். சொல்லும் விதம்தான் வேறு, புகார் ஒன்றுதான். அரசு வேலைக்குப் பி.எஸ்.சி. விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்த பெண்ணுக்கும், கேம் ஆடிக்கொண்டிருந்த பையனுக்கும், கல்யாண வீடியோ வெட்டி ஒட்டிக்கொண்டிருந்த ஸ்டூடியோக்காரருக்கும் திடீரென்று திரை கறுத்துவிடுகிறது. சேமிக்காத வேலை போனது போனதுதான்.

கடைக்காரர் சிபியுவை வாங்கி மேசையில் வைத்து, தன் வயரைக் குத்தி ஸ்விட்சைப் போடுகிறார். ஓடுகிறது. சாயங்காலம் வரை நிற்காமல் ஓடுகிறது. “நல்லாத்தானே இருக்கு” என்று திருப்பிக் கொடுக்கிறார். வீட்டுக்குப் போன அன்று இரவே மறுபடி நிற்கிறது. அடுத்த தடவை ரேமை மாற்றுகிறார்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் விண்டோஸை அழித்துப் புதிதாக ஏற்றுகிறார்கள். கடைசியில் ‘போர்டு போச்சு’ என்று தீர்ப்பு.

கடைக்கு வருவது பெட்டி மட்டும்தான். அது செருகியிருந்த பிளக் பாயிண்ட், அந்த வீட்டு இன்வெர்ட்டர், எர்த் குழி, ஓட்டுக்கூரைக்குக் கீழே கொதிக்கிற அறை, இவை எதுவும் கடைக்கு வருவதில்லை. பாலக்காடு, இடுக்கி எல்லையோரங்களில் தானாக அணையும் கணினிக்குக் காரணம் பெரும்பாலும் கடைக்கு வராத அந்த நான்கில்தான் ஒளிந்திருக்கிறது. அதைப் பார்க்காமல் பெட்டியைத் திறப்பது காசுக்குக் கேடு.

இந்த ஊர்களில் கம்பெனி செட்டைவிட அசெம்பிள் செட்டுக்கு மவுசு அதிகம். அதற்குப் பூகோளமும் ஒரு காரணம். பாலக்காட்டின் சித்தூர் தாலுகாவுக்குக் கோயம்புத்தூர் கூப்பிடு தூரம். இடுக்கியின் தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு தாலுகாக்காரர்கள் மலையிறங்கினால் போடி, கம்பம், தேனி. போர்டு ஓரிடம், அதற்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் ஓரிடம், கிராஃபிக்ஸ் கார்டு தெரிந்தவரின் பழையது என்று சேர்த்துவிடலாம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபிறகு வாளையார் வணிகவரிச் சாவடியில் பில்லை நீட்டி நிற்கும் தொல்லையும் போயிற்று. பள்ளிகள் மூடிக்கிடந்த 2020 ஜூனில் கேரள அரசின் கைட் நிறுவனம் விக்டர்ஸ் சேனலில் ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகளைத் தொடங்கி, தமிழ்வழிப் பிள்ளைகளுக்கும் பாடம் நடத்தியபோது, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில்கூட ‘ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் தேவலை’ என்ற பேச்சு எழுந்தது.

அசெம்பிள் செட்டின் குறை அதன் வாரண்டியில் இருக்கிறது. ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி வாரண்டி உண்டு. முழுப் பெட்டிக்குப் பொறுப்பேற்கிறவர் ஒருவரும் இல்லை. எஸ்எம்பிஎஸ் கெட்டுப் போர்டைக் கெடுத்தால், போர்டுக்காரர் எஸ்எம்பிஎஸ்ஸைக் கைகாட்டுவார். எஸ்எம்பிஎஸ்காரர் உங்கள் வீட்டுக் கரண்டைக் கைகாட்டுவார். இந்த ஒரு விஷயத்தில் எஸ்எம்பிஎஸ்காரர் சொல்வதில் பாதி உண்மை உண்டு.

எப்படி நின்றது?

டாக்டரிடம் ‘உடம்பு சரியில்லை’ என்று மட்டும் சொன்னால் போதாது. கணினி நிற்பதிலும் வகைகள் உண்டு. நீலத்திரை காட்டிவிட்டு மறுபடி ஓடினால் அது விண்டோஸே தடுக்கி விழுந்தது. ரேம், டிரைவர், டிஸ்க் பக்கம் தேட வேண்டும். படம் உறைந்து மவுஸ் அசையாமல் நின்றாலும் ஏறக்குறைய அதே பக்கம்தான். ஒரு அறிவிப்பும் இல்லாமல், ஃபேன் சத்தம் உட்பட எல்லாம் ஒரே நொடியில் அடங்கினால் அது மின்சாரம் அல்லது சூடு.

நீலத்திரை கண்ணில் படாமலே போவதும் உண்டு. விழுந்ததும் தானாக மறுபடி தொடங்கு என்ற அமைப்பு விண்டோஸில் முதலிலிருந்தே இயக்கத்தில் இருப்பதால் திரை மின்னி மறைந்துவிடும். அதை நிறுத்திவைத்தால் அடுத்த முறை நீலத்திரை அப்படியே நிற்கும், பிழை எண்ணைப் படம் பிடிக்கலாம்.

விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்து ‘கெர்னல் பவர் 41’ என்ற சிவப்பு வரியைப் பார்த்ததும் பலர் ‘பவர் சப்ளைதான்’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த வரி சொல்வது அதுவல்ல. போன தடவை முறையாக நிறுத்தாமல் அணைந்தது என்பதை, மறுபடி ஓடும்போது விண்டோஸ் எழுதிவைக்கும் குறிப்பு அது, அவ்வளவே. அதன் விவரப் பகுதியில் பக்செக் கோடு என்று ஒரு எண் இருக்கும். பூஜ்யமாக இருந்தால் விண்டோஸுக்கு எழுதிவைக்கக்கூட அவகாசம் கிடைக்கவில்லை என்று கொள்ளலாம். வேறு எண் இருந்தால் விண்டோஸ் தானே விழுந்திருக்கிறது. கடைக்குப் போகும் முன் இந்த ஒரு எண்ணைப் பார்த்தால் பாதித் தேடல் மிச்சம்.

போட்ட நாலைந்து நொடியில் நிற்கிறதென்றால் எதையும் கழற்ற வேண்டாம், முதலில் பவர் பட்டனைப் பாருங்கள். பட்டனை 4 நொடி அழுத்திப் பிடித்தால் கணினி வலுக்கட்டாயமாக அணையும். தூசி அடைந்து பட்டன் உள்ளேயே சிக்கிக்கொண்டால் பெட்டி அதை உங்கள் விரல் என்றுதான் நினைக்கும். பட்டனின் வயரைப் போர்டிலிருந்து உருவிவிட்டு, அந்த இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டு ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். இதற்காகப் போர்டையே மாற்றியவர்கள் உண்டு.

இன்வெர்ட்டரின் முதுகு

கேரளத்து வீடுகள் பலவற்றில் இன்வெர்ட்டர் இருக்கும். அதன் பின்பக்கத்தில், சில மாடல்களில் முன்பக்கத்தில், ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். ஒரு பக்கம் ‘யுபிஎஸ்’, மறுபக்கம் ‘நார்மல்’ அல்லது ‘எக்கோ’. பொருத்திய எலெக்ட்ரீஷியன் எதில் விட்டுப்போனாரோ அதிலேயே ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.

நம் கரண்ட் நொடிக்கு 50 சுற்று ஓடுவது. ஒரு சுற்றுக்கு 20 மில்லி நொடி. மெயின் போய் இன்வெர்ட்டர் கைக்கு மாறும் இடைவெளியில் எஸ்எம்பிஎஸ் தன் உள்ளே உள்ள பெரிய கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரத்தை வைத்துச் சமாளிக்க வேண்டும். தரமான எஸ்எம்பிஎஸ் 16, 17 மில்லி நொடி தாங்க வேண்டும் என்பது எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் தர விதி. யுபிஎஸ் நிலையில் இன்வெர்ட்டர் 10 மில்லி நொடி சுமாருக்கு மாறிவிடும். நார்மல் நிலையில் 30, 40 மில்லி நொடி வரை எடுத்துக்கொள்ளும். ஃபேனுக்கு அது தெரியவே தெரியாது, டியூப்லைட் ஒருமுறை கண்சிமிட்டும், கணினி செத்துவிடும்.

எனவே, கணினி நின்ற அதே நொடியில் விளக்கு சிமிட்டியதா என்று கவனியுங்கள். சிமிட்டியது என்றால் முதல் வைத்தியம் அந்த ஸ்விட்சைத் தள்ளுவதுதான்.

ஆனால் கிழக்குச் சித்தூரில் அத்தோடு கதை முடிவதில்லை. மழைமறைவுப் பகுதி; தென்னையும் காய்கறியும் போர்வெல்லை நம்பி நிற்பவை. 5 எச்.பி. மோட்டார் கிளம்பும் கணத்தில் ஓடும்போது இழுப்பதைப்போல ஆறு மடங்கு கரண்டை இழுக்கும். அந்த லைனில் இருக்கும் வீட்டில் வோல்டேஜ் சடாரென்று இறங்கும். 230 வோல்ட்டிலிருந்து 6 சதவீதம் ஏறலாம், இறங்கலாம் என்பது பழைய மின்விதிக் கணக்கு. அதாவது 216 முதல் 244 வரை. டிரான்ஸ்ஃபார்மருக்குத் தூரத்தில், லைனின் கடைக்கோடியில் இருக்கும் வீட்டுக்கு மாலை நேரத்தில் அந்தக் கணக்கு பொருந்துவதில்லை. யுபிஎஸ் நிலையில் உள்ள இன்வெர்ட்டர் 180 வோல்ட்டுக்குக் கீழே போனதும் பேட்டரிக்குத் தாவும், ஏறியதும் மெயினுக்குத் திரும்பும், மறுபடி தாவும். ‘டக், டக்’ என்று ரிலே சத்தம் கேட்கும். ஒவ்வொரு தாவலும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஒரு சோதனை. மலிவான ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருந்து, எஸ்எம்பிஎஸ் ஆக்டிவ் பிஎஃப்சி வகையாகவும் இருந்தால் சில ஜோடிகள் ஒத்தே போகாது; பேட்டரிக்கு மாறியதும் அணையும்.

இதற்கு ஸ்டெபிலைசர் வாங்கிவைப்பது இங்கே வழக்கம். நான் வேண்டாம் என்பேன். 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்கு 170 வோல்ட் ஒரு பொருட்டே அல்ல. அதைத் தொந்தரவு செய்வது இடைவெளிதான். ஸ்டெபிலைசரின் ரிலே மாறும்போது இன்னொரு இடைவெளியைச் சேர்க்கிறது. அந்தக் காசை எஸ்எம்பிஎஸ்ஸில் போடலாம், அல்லது கணினிக்கென்று தனியாக ஒரு சின்ன யுபிஎஸ்.

எர்த் இன்னொரு கதை. பெட்டியின் தகட்டைத் தொட்டால் சுருக்கென்று குத்துகிறதா? எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் சிறு அளவு கரண்டை எர்த்துக்குக் கசியவிடும்; அது அவற்றின் வேலை. எர்த் வயர் செத்திருந்தால் அந்தக் கசிவு போக இடமில்லாமல் பெட்டியில் நிற்கும், சப்ளையில் ஏறக்குறையப் பாதி வோல்டேஜ் தகட்டில் காட்டும். ஸ்பீக்கரில் உர்ரென்ற சத்தம், யுஎஸ்பி விட்டுவிட்டு இணைவது, காரணமில்லாமல் மறுபடி தொடங்குவது, எல்லாம் இதன் பிள்ளைகள். மண் வறண்டால் எர்த்தும் வறளும். சித்திரையில் எர்த் குழிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தைக் கேலி செய்யாதீர்கள்.

500 என்று எழுதிய 180

இனிப் பெட்டியைத் திறக்கலாம். முதலில் எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டு ஸ்டிக்கர். பெரிய எழுத்தில் 450 அல்லது 500 வாட் என்றிருக்கும். அதை விட்டுவிட்டுப் பொடி எழுத்துக் கட்டத்துக்கு வாருங்கள். 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர்? உள்ளூர்ச் சரக்குகள் சிலவற்றில் 15 என்றிருக்கும். 12ஐ 15ஆல் பெருக்கினால் 180 வாட். இன்றைய கணினியின் பசி முழுக்க அந்த 12 வோல்ட்டில்தான். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுக்கு மட்டும் 170 வாட் வேண்டும். ஐ5 12400 சிப் உச்சத்தில் 117 வாட் வரை போகும். இரண்டும் சேர்ந்து 287. மீதியைக் கூட்ட வேண்டிய அவசியமே இல்லை.

மெயில் பார்க்கும்போது ஓடும், கேம் திறந்ததும் நிற்கும் என்ற புகாருக்குப் பெரும்பாலும் விடை இந்தப் பெருக்கல்தான். கடை மேசையில் விண்டோஸ் முகப்புத் திரையோடு சாயங்காலம் வரை ஓடியதற்கும் இதே காரணம். அங்கே யாரும் கேம் ஆடவில்லை. கிராஃபிக்ஸ் கார்டு கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு பங்குக்கு இரண்டு பங்காக இழுக்கும் குணமுள்ளது. அதனால்தான் 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி, இரு மடங்குச் சுமையை 100 மைக்ரோ நொடி தாங்க வேண்டும் என்று எஸ்எம்பிஎஸ்ஸுக்குக் கட்டளை போட்டது.

மல்டிமீட்டர் இருந்தால், கணினி சுமையோடு ஓடும்போது அளக்கலாம். மஞ்சள் வயர் 12, சிவப்பு 5, ஆரஞ்சு 3.3. ஐந்து சதவீதம் வரை விலகல் பொறுக்கலாம். 12 வோல்ட் வரிசை 11.4க்குக் கீழே போனால் மாற்றவேண்டியதுதான். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கை உருவிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கக்கூடும். செத்த பல்லியை எடுக்கப் போய் ஆளே விழுந்த கதை ஆகிவிடும்.

சமவெளிக்குச் சூடு

மேற்குத் தொடர்ச்சி மலையில் 30 கிலோமீட்டருக்கு மேல் அகன்ற பாலக்காட்டுக் கணவாய் தமிழகத்தின் வெயிலையும் புழுதியையும் தடையில்லாமல் உள்ளே விடுகிறது. கஞ்சிக்கோட்டில் காற்றாலை சுற்றுவதும் அந்தக் காற்றால்தான், உங்கள் ஹீட்சிங்க் இடுக்கில் தூசி மெத்தையாகப் படிவதும் அதனால்தான். 2024 ஏப்ரலில் பாலக்காட்டு வெப்பம் 41 டிகிரியைத் தாண்டி, வெப்ப அலை எச்சரிக்கை வந்தது. அந்த நாளில் ஓட்டு வீட்டு அறைக்குள், சுவரை ஒட்டித் தள்ளிய பெட்டிக்குள் என்ன சூடு இருக்கும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

சிப் சும்மா எரிந்துபோகாது. 95, 100 டிகிரி வந்ததும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால்தான் போர்டுக்குச் சமிக்ஞை கொடுத்து மொத்தமாக அணைக்கும். ஆகவே நிற்பதற்கு முன் கணினி மந்தமாகி, ஃபேன் இரைந்தால் குற்றவாளி சூடு. சோதனை எளிது: பக்கத் தகட்டைக் கழற்றி டேபிள் ஃபேனை நேராகத் திருப்பிவையுங்கள். நிற்பது நின்றுவிட்டால் விடை கிடைத்தது.

தூசியைத் தட்டியும் தீரவில்லை என்றால் கூலரைப் பாருங்கள். இன்டெல் சிப்போடு வரும் கூலருக்கு நான்கு பிளாஸ்டிக் கால்கள். முதன்முறை அசெம்பிள் செய்யும் பையன்கள் மூன்றை அழுத்தி நான்காவதை அரைகுறையாக விட்டிருப்பார்கள். புதிதாக வாங்கிய கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டியிருப்பதும் உண்டு. பழைய செட் என்றால் சிப்புக்கும் கூலருக்கும் இடையே பூசிய பேஸ்ட் காய்ந்து பொடியாகியிருக்கும்.

கெப்பாசிட்டரின் கதை வேறு. சூடு 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது தொழில்காரர்களின் நெடுநாள் கணக்கு. தலை உப்பி, பழுப்பு நீர் கசிந்திருந்தால் அது முடிந்தது. 1999 முதல் 2007 வரை உலகமே இந்த வாதையில் சிக்கியது. தைவானில் தயாரான மோசமான எலெக்ட்ரோலைட் நிரப்பிய கெப்பாசிட்டர்கள் லட்சக்கணக்கான போர்டுகளில் உப்பி வெடித்தன; டெல் நிறுவனம் 2005இல் இதற்காக 300 மில்லியன் டாலர் ஒதுக்க நேர்ந்தது. செகண்ட் ஹேண்டில் அந்தக் காலத்துப் பெட்டி கைக்கு வந்தால் முதலில் கெப்பாசிட்டர் தலைகளைப் பாருங்கள்.

மலைக்கு இடி

இடுக்கியில் சூடு பிரச்சினை அல்ல. 1,600 மீட்டர் உயர மூணாறில் காற்றின் அடர்த்தி 15 சதவீதம் போலக் குறைவு, ஃபேன் தள்ளும் காற்று அந்த அளவுக்குச் சூட்டைச் சுமக்காது என்பது உண்மைதான். ஆனால் மலைக்குளிர் அதை ஈடுகட்டிவிடுகிறது. அங்கே எதிரிகள் ஈரமும் இடியும்.

பள்ளிவாசலில் 1940இல் கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. 780 மெகாவாட் இடுக்கித் திட்டமும் இந்த மாவட்டத்தில்தான். விளக்கடி இருட்டு என்பது இதுதான்: மாநிலத்துக்கே கரண்ட் கொடுக்கும் மலையில், காட்டுக்குள் நீளும் லைன்களில் மரம் சாய்ந்தால் தோட்டத்து லயங்கள் நாள்கணக்கில் இருளில் கிடக்கும். மரம் சாய்வதில் அதைவிட ஆபத்து, மூன்று ஃபேஸ் லைனில் நியூட்ரல் மட்டும் அறுவது. அப்போது வீட்டுக்குள் 230 வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட் பக்கம்கூட வரலாம். குண்டு பல்ப் வழக்கத்தைவிடப் பளீரென்று எரிந்தால் கேள்வி கேட்காமல் மெயினை அணையுங்கள். கணினியைக் காப்பாற்றக் கிடைப்பது அந்தச் சில நொடிதான்.

இடி நேராக விழ வேண்டியதில்லை. பக்கத்தில் விழுந்தாலே கரண்ட் லைனிலும் கேபிள் டிவி வயரிலும் அலை பாயும். முழுதாகச் சாகாமல் அரைகுறையாக அடிபட்ட போர்டுகள்தான் தொல்லை: லேன் போர்ட் மட்டும் போயிருக்கும், மூன்று மாதம் கழித்துக் காரணமின்றி அணையத் தொடங்கும், அதற்குள் இடி மறந்துபோயிருக்கும். பழைய தொலைபேசி வயர் மோடம்களைவிட ஃபைபர் இதில் நல்லது, கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் மோடத்தின் அடாப்டர் பிளக்கில்தான் இருக்கிறது. அங்கிருந்து லேன் வயர் உங்கள் போர்டுக்குத்தான் வருகிறது. ‘ஸ்பைக்’ என்ற பெயரில் விற்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்கள் பலவற்றில் அலையை விழுங்கும் எம்ஓவி இருப்பதே இல்லை. இருந்தாலும் சில இடிகளுக்குப் பிறகு அது செத்துப்போகும், சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கும்.

ஈரத்துக்கு வைத்தியம் எளிது. ஆனி, ஆடியில் கணினியைப் பூட்டிவைக்காமல் தினம் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள், அதன் சூடே அதை உலர்த்தும். ரேமின் தங்கப் பற்களை அழிரப்பரால் மெல்லத் தேய்த்து மறுபடி செருகுவதைப் படித்தவர்கள் ஏளனமாகப் பார்க்கிறார்கள். மலையில் அது வேலை செய்கிறது. பூத்த அழுக்கு போகிறது, செருகல் இறுகுகிறது. தீராவிட்டால் மெம்டெஸ்ட் மென்பொருளை ஓர் இரவு ஓடவிட்டு, ஒரு பிழை வந்தாலும் அந்த ரேமை ஒதுக்குங்கள்.

சிப்பே கெட்டிருக்க வழியில்லையா? உண்டு. 2024இல் இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள் கேம் ஆடும்போது விழுந்தன. சிப்புக்குள் அளவுக்கு மீறிய வோல்டேஜ் போனதுதான் காரணம் என்று இன்டெல் ஒப்புக்கொண்டு, பயாஸ் வழியாக மைக்ரோகோட் திருத்தம் கொடுத்தது, வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டி ஐந்தாக்கியது. ஏற்கெனவே சேதமான சிப்பைத் திருத்தம் சரிசெய்யாது. அந்தத் தலைமுறை உயர்ரகச் சிப் வைத்திருப்பவர்கள் பயாஸை இன்றே புதுப்பித்துவிடுவது நல்லது. மற்றவர்களுக்கு, சிப்பைச் சந்தேகிப்பது வரிசையில் கடைசி.

அடுத்த முறை பெட்டியைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது கையோடு நான்கு தகவல் கொண்டுபோங்கள்: எந்த நேரத்தில் நிற்கிறது, அப்போது விளக்கு சிமிட்டியதா, இன்வெர்ட்டர் ஸ்விட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது, பெட்டியைத் தொட்டால் குத்துகிறதா. கடைக்காரர்களும் இதைக் கேட்டு எழுதிக்கொண்ட பிறகு ஸ்க்ரூடிரைவரை எடுக்கலாம். இடி விஷயத்தில், பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 வரை கவனம் என்கிறது கேரள மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம். ஐப்பசியிலும் சித்திரையிலும் அந்த நேரத்தில் மேகம் கறுத்தால், ஸ்விட்சை அணைத்தால் போதாது. பிளக்கையே உருவுங்கள், லேன் வயரையும் சேர்த்து.